இதயம் தளர்ந்தால் என்ன ஆகும்? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

மாரடைப்பின் அறிகுறிகள் குறித்துச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடுத்த கட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தன. மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர்களும், நெடுநாளாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களும் மெல்ல மெல்ல மூச்சிறைத்து, கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல் போவது ஏன் என்பதே அவற்றின் சாரம். ஆகவே இந்த இதழில் இதயச் செயலிழப்பையும் அதை ஒட்டிய சந்தேகங்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம் தனக்கு வேண்டிய இரத்தத்தை எங்கிருந்து பெறுகிறது, அதற்கு ஓய்வே கிடையாதா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்டார்கள். விளக்க முடியுமா?
– பள்ளி ஆசிரியை, குளச்சல்

மாணவர்கள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். இதய நோய்களில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

ஏறத்தாழ 300 கிராம் எடையும் அவரவர் கைமுட்டி அளவும் கொண்ட இதயம், ஒரே உறைக்குள் ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகளாக வேலை செய்கிறது. உடலைச் சுற்றிவிட்டு ஆக்சிஜன் குறைந்து திரும்பும் இரத்தத்தை வலப்பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வரும் இரத்தத்தை இடப்பக்கம் வாங்கிப் பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. பக்கத்துக்கு ஒரு மேலறையும் ஒரு கீழறையுமாக நான்கு அறைகள். இரத்தம் பின்னோக்கி வராதபடி காக்க நான்கு வால்வுகள். இந்த வால்வுகளைத் திறக்கவும் மூடவும் தனியாக ஓர் இயக்கம் கிடையாது. இரு பக்க அழுத்தங்களின் வேறுபாடே அவற்றைத் திறந்து மூடுகிறது. நுரையீரல் அருகிலேயே இருப்பதால் வலக் கீழறை 25 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தை எழுப்பினால் போதுமானது. தலை உச்சி முதல் கால் நுனிவரை அனுப்ப வேண்டிய இடக் கீழறையோ 120 வரை எழுப்ப வேண்டியிருக்கிறது. அதன் சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருப்பது இதனால்தான்.

ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர் வருகிறது. உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, 7,000 லிட்டர் என்று சொன்னால் மாணவர்களுக்கு மனத்தில் பதியும். துடிப்பதற்கான மின்தூண்டல் மூளையிலிருந்து வருவதில்லை. வலது மேலறையின் சுவரில் உள்ள ஒரு சிறிய முடிச்சு அதைத் தானாகவே எழுப்புகிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் 1907-இல் அதைக் கண்டு விவரித்தார்கள். அங்கிருந்து புறப்படும் தூண்டல் மேலறைகளைச் சுருக்கிவிட்டு, நடுவில் உள்ள மற்றொரு முடிச்சில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதித்து, அதன் பிறகே கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகள் தம் இரத்தத்தை முழுவதும் கீழே இறக்குவதற்குக் கிடைக்கும் அவகாசம் அது. நரம்புத் தொடர்பு முழுவதும் அறுந்த நிலையில் வேறொருவர் மார்பில் பொருத்தப்படும் இதயமும் துடிப்பது இந்தத் தன்னியக்கத்தால்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். அறைகளுக்குள் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருந்தாலும், உட்புறத்து மெல்லிய படலத்தைத் தாண்டி இருக்கும் தசைக்கு அதனால் பயனில்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு கரோனரி தமனிகள் பிரிந்து இதயத்தின் வெளிப்புறமாகப் படர்ந்து தசைக்குள் இறங்குகின்றன. இதயம் வெளியே அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் இவ்வாறு இதயத்துக்கே திரும்புகிறது. இடக் கீழறை சுருங்கும்போது அதன் சுவருக்குள் ஓடும் குழாய்கள் நசுங்கிவிடுவதால், அந்தத் தசை தன் உணவை முக்கியமாகத் தளரும் நேரத்தில்தான் பெறுகிறது. ஒரு துடிப்புக்கு ஆகும் 0.8 வினாடியில் சுருக்கம் 0.3, தளர்வு 0.5. ஆகவே இதயத்துக்கு ஓய்வு உண்டு. வாழ்நாளில் பாதிக்கு மேல் அது ஓய்வில்தான் இருக்கிறது. துடிப்பு விரைவானால் அதிகம் குறைவது அந்த ஓய்வு நேரமே. மேலும், மற்றத் தசைகள் தமக்கு வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள, இதயத் தசை சும்மா இருக்கும்போதே முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. கூடுதல் தேவை ஏற்பட்டால் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அந்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படும்போது அந்த வழியும் மூடிக்கொள்கிறது.

என் தகப்பனாருக்கு வயது 61. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது, ஹார்ட் ஃபெயிலியர்" என்கிறார்கள். எந்த நேரத்திலும் நின்றுவிடுமோ என்று வீட்டில் ஒருவரும் உறங்குவதில்லை.
– வாசகி, மார்த்தாண்டம்

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். முழுவதும் நிறைந்திருக்கும் இடக் கீழறை ஒரு துடிப்பில் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்பதே, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை தரும் அளவு. நலமான இதயமும் 100 சதவீதத்தை வெளியேற்றுவதில்லை. சுமார் 120 மி.லி. நிறைந்து அதில் 70 மி.லி. வெளியேறினால் 58 சதவீதம் வருகிறது. 55 முதல் 70 வரை இயல்பான அளவு. எனவே உங்கள் தகப்பனாரின் இதயத்தில் 70 சதவீதம் செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இயல்பில் ஏறத்தாழ பாதி வலிமையுடன் அது சுருங்குகிறது என்று கொள்ளுங்கள்.

கலந்துபோகக் கூடாத மூன்று நிகழ்ச்சிகளையும் இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கரோனரி தமனி ஒன்று திடீரென அடைபட்டு, அது ஊட்டிவந்த தசை சாகத் தொடங்குவது மாரடைப்பு. மின்னோட்டம் சீர்குலைந்து இதயம் பயனுள்ள துடிப்பை அடியோடு இழப்பது இதய நிறுத்தம். அதற்குள்ள அவகாசம் சில நிமிடங்களே. உடலின் தேவைக்கு ஈடுகொடுக்கும் அளவு இரத்தத்தை அனுப்ப முடியாமல் இதயம் தளர்ந்துபோவது இதயச் செயலிழப்பு. இது மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும் நோய். மருத்துவம் செய்துகொண்டு வாழக்கூடிய நோய். உங்கள் தகப்பனாருக்கு முதலாவது நிகழ்ந்தது. இப்போது இருப்பது மூன்றாவது. திருவனந்தபுரத்தில் 2013-இல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பதிவேட்டில், ஏறத்தாழ 72 சதவீதத்தினருக்குக் கரோனரி நோயே காரணமாக இருந்தது. அவர்களின் சராசரி வயதும் உங்கள் தகப்பனாரின் வயதை ஒட்டியே இருந்தது. எல்லைக்கு அப்பால் நடந்த ஆய்வாக இருந்தாலும், நம் மாவட்டத்து மக்களின் உணவும் பழக்கமும் அங்குள்ளவற்றிலிருந்து அதிகம் வேறுபடாதவை என்பதால் அதை நமக்கும் உரியதாகவே நான் படிக்கிறேன்.

இறந்த இதயத் தசை மீண்டும் வளர்வதில்லை. அந்த இடத்தில் சுருங்கும் ஆற்றல் இல்லாத தழும்பு உருவாகிறது. எஞ்சிய தசை பணியை ஏற்றுக்கொள்ளும்போது உடல் பல வழிகளில் அதற்கு உதவ முயல்கிறது. இந்த நோயில் என்னை மிகவும் வருத்தும் உண்மை, அந்த உதவிகளே பின்னர் கேடாக முடிவதுதான். அறை விரிந்தால் தசைநார்கள் இழுபட்டு அடுத்த சுருக்கம் வலுவாக அமைகிறது. 120 மி.லி. கொண்ட அறை 200 மி.லி. அளவுக்கு விரிந்துவிட்டால், 30 சதவீதம் வெளியேறினாலும் 60 மி.லி. கிடைத்துவிடுகிறது, ஆகவே தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அளவுமீறி இழுத்த ரப்பர் பட்டை திரும்பச் சுருங்காததுபோல, அறை மேலும் மேலும் விரியும்போது தசை தன் பிடிப்பை இழக்கிறது. வால்வின் வாய் அகன்று இரத்தம் பின்னோக்கிக் கசியவும் தொடங்குகிறது.

இரண்டாவது உதவி சிறுநீரகத்திலிருந்து வருகிறது. தனக்கு வரும் இரத்தம் குறைந்தவுடன், காயத்தில் இரத்தம் கொட்டிவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையில் உயிரைக் காக்க உருவான ஏற்பாட்டைத்தான் இங்கேயும் அது தொடங்குகிறது: ரெனின் என்ற பொருளைச் சுரந்து, அதன் வழியாக இரத்தக் குழாய்களை இறுக்கி, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்கிவைக்கிறது. அட்ரினலினும் அதன் இனத்தைச் சேர்ந்த சுரப்புகளும் இதயத்தை விரைந்து துடிக்கத் தூண்டுகின்றன. சில மணி நேரத்து ஆபத்துக்கு இவை நன்மை செய்யும். மாதக்கணக்கில் தொடரும்போது, தளர்ந்த இதயம் இறுகிய குழாய்களை எதிர்த்து, தேங்கிய நீரையும் சேர்த்துச் சுமந்து, ஓய்வு குறைந்த நிலையில் உழைக்க நேர்கிறது. தேங்கிய நீர் நுரையீரலில் கசிந்தால் மூச்சிறைப்பு. கால்களில் இறங்கினால் விரலால் அழுத்தக் குழி விழும் வீக்கம். ஈரலில் தேங்கினால் வயிற்று உப்புசமும் பசியின்மையும். படுத்தவுடன் கால்களில் இருந்த நீர் மார்புப் பக்கம் திரும்புவதால் தலையணையைக் கூட்டிக்கொண்டே போவதும், உறங்கிய ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலைத் திறப்பதும் இந்த நோய்க்கே உரிய அடையாளங்கள். இவற்றை "வயதாகிவிட்டது" என்றும் "வாயு" என்றும் சொல்லிச் சீரகத் தண்ணீரில் மாதங்களைக் கடத்தும் குடும்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய் எளிதானது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இந்த நிலையில் திடீர்த் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முழு அளவு மருந்துகளை மூன்று மாதம் எடுத்த பிறகும் அந்த எண் 35-க்கு மேலே வரவில்லை என்றால், அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் சிறு கருவியைக் காறை எலும்பின் கீழ் பொருத்துவது பற்றி இதய மருத்துவர் பேசுவார். ஆனால் பலருக்கு அந்த எண் மருந்தினால் உயர்கிறது. 30-இலிருந்து 45-க்கு வந்தவர்களும் உண்டு. இன்றைய எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோவுக்குக் காத்திருங்கள்.

எனக்கு 68 வயது. நெடுநாளாக பிரஷரும் சுகரும் உண்டு. எக்கோவில் 60 சதவீதம் என்றே வந்தது. ஆனாலும் வீட்டு முற்றத்திலிருந்து கிணற்றடிவரை நடந்தால் மூச்சிறைக்கிறது. இது இதயத்தால் இருக்க முடியுமா?
– வாசகி, தக்கலை

இருக்க முடியும். சுருங்கும் வலிமை குறையாமலேயே, தளர்ந்து நிறையும் இயல்பு கெட்டுப்போன இதயங்கள் உண்டு. பல ஆண்டு உயர் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன சுவர் எளிதில் நெகிழ்வதில்லை. அதனால் அறைக்குள் அழுத்தம் உயர்ந்து, அது பின்னோக்கி நுரையீரலைத் தாக்குகிறது. உலகில் இதயச் செயலிழப்புள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகையினர். வயதான பெண்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்கள் இவர்களில் மிகுதி. 60 என்ற எண்ணோடு நின்றுவிடாமல், இதயத்தின் தளர்வு இயல்பை அளந்திருக்கிறார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனை ஐயத்தைத் தீர்க்க உதவும். இரத்தசோகையையும் நுரையீரல் நோயையும் தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

நான் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. இதயம் வீக்கம் கண்டிருப்பதாகச் சொல்லி ஐந்து வகை மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கால் வீக்கம் முழுவதும் வற்றி, மூச்சும் சரியாகிவிட்டது. விடியுமுன் தோட்டத்தில் நிற்கும்போது நீர் மாத்திரையால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது. இனி மாத்திரைகளை நிறுத்தலாமா?
– வாசகர், அருமனை

நிறுத்தக் கூடாது. உங்களுக்குச் சொல்லும் இந்தப் பதிலை, இதே எண்ணத்தில் இருக்கும் எல்லாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் நன்றாகத் தேறியவர் மீண்டும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

உங்கள் மாத்திரைகளில் வீக்கத்தை வற்றவைத்தது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும்: ஃபியூரோஸ்மைடு அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த நீர் மாத்திரை. அது நோயின் வெளிப்பாட்டைத் தணிக்கிறது. நோயின் போக்கைத் திருப்புபவை மற்ற நான்கும். மேலே மார்த்தாண்டம் வாசகிக்குச் சொன்ன அந்தத் தவறான உதவிகளை ஒவ்வொன்றாகத் தடுப்பதே அவற்றின் வேலை. எனாலாப்ரில் போன்ற மருந்துகள் ரெனினால் தொடங்கும் சங்கிலியை அறுக்கின்றன. கடும் செயலிழப்பில் அவை உயிரைக் காக்கும் என்பது 1987-இல் உறுதியாயிற்று. இன்று பலருக்கு அவற்றின் இடத்தில், 2014-இல் மேலும் சிறந்தது என்று காட்டப்பட்ட சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் கூட்டு மருந்து தரப்படுகிறது. ஸ்பைரோனோலாக்டோன் உப்புத் தேக்கத்தையும் தசையில் தழும்பேறுவதையும் குறைக்கிறது. 1999-இல் வெளிவந்த ஆய்வில் அது மரணங்களை 30 சதவீதம் குறைத்தது. அட்ரினலினின் தூண்டுதலைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் வகையின் வரலாறு எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. துடிப்பைத் தணிக்கும் மருந்து தளர்ந்த இதயத்தைக் கொன்றுவிடும் என்றே பாடநூல்கள் எச்சரித்துவந்த காலத்தில், சுவீடனில் வாக்ஸ்டெயின் என்ற மருத்துவர் 1975-இல் ஏழு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து அவர்கள் தேறியதைப் பதிவு செய்தார். மருத்துவ உலகம் அதை முழுவதும் ஏற்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நான்காவது, சர்க்கரை நோய்க்காக உருவான டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் அது பயன் தருவது 2019-இல் தெரியவந்தது. இவற்றின் பலன் மாதங்களில் சேர்ந்து வருவது. நிறுத்தினால் அந்தப் பலனும் கரைந்துபோகும்.

உங்கள் தொழிலின் சிரமத்துக்கு வழி இருக்கிறது. ஃபியூரோஸ்மைடு விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். விடியுமுன் எடுப்பதை மாற்றி, பால் எடுத்துவிட்டு வீடு திரும்பிய பின் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். இரவில் எடுத்தால் உறக்கம் கெடும். வீக்கம் வற்றிய நிலையில் அதன் அளவைக் குறைக்கவும் இடமுண்டு. அதைக் குறைப்பவர் அவராக இருக்க வேண்டும்.

இன்னொன்று. பால் வெட்டுபவர்களும் கடல் தொழில் செய்பவர்களும் உடல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, இதுவரை அடைந்த முன்னேற்றத்தைச் சில நாள்களில் குலைத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். குடிப்பழக்கம் இருந்தால் அதை முழுவதுமாக விட்டுவிடுங்கள். மது நேரடியாகவே இதயத் தசையைக் கெடுக்கும். காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடை இயந்திரத்தில் நாள்தோறும் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

என் மாமியாருக்கு இதயம் தளர்ந்திருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கருவாடு இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. இந்துப்பு சேர்க்கலாமா? சோர்வுக்கு தினமும் இளநீர் கொடுக்கிறோம், அது சரிதானா?
– வாசகி, தூத்தூர்

உடலில் சேரும் ஒவ்வொரு கிராம் உப்பும் தன்னோடு நீரைப் பிடித்துவைப்பதால், தளர்ந்த இதயத்துக்கு உப்பு நேரடியான சுமை. நலமானவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அளவைத் தாண்டாமல் பார்ப்பது மாமியாருக்கு இன்றியமையாதது. கருவாட்டில் உள்ள உப்பு கழுவினாலும் ஊறவைத்தாலும் குறையுமே தவிர முழுவதும் போவதில்லை. அவருக்குக் கருவாட்டை நிறுத்திவிட்டுப் பச்சை மீனைக் குறைந்த உப்பில் குழம்பு வையுங்கள். குடம்புளியும் நல்லமிளகும் தேங்காயும் சேர்ந்த குழம்புக்கு உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மரச்சீனிக் கிழங்கை உப்பிட்டு வேகவைக்கும் வழக்கத்தையும், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், பப்படம், உப்பு மாங்காய் ஆகியவற்றையும் கணக்கில் எடுங்கள். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாயில் ஈடுகட்டுவதுதான் பல வீடுகளில் நடப்பது. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஆக்காமல், வீடு முழுவதும் உப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் அவருக்கும் மனக்குறை இருக்காது, மற்றவர்களின் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்; நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் விளையும் கல்லுப்பும் அதுவே. கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். ஸ்பைரோனோலாக்டோனும் எனாலாப்ரில் வகையும் எடுப்பவர்களின் உடலில் பொட்டாசியம் ஏற்கெனவே தேங்கும் நிலையில் இருப்பதால், அது இதயத் துடிப்பையே குலைக்கும் அளவுக்குப் போய்விடலாம். இளநீரிலும் அதே ஆபத்து உண்டு. 200 மி.லி. இளநீரில் ஏறத்தாழ 500 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. அவருடைய மருந்துச் சீட்டையும் கடைசியாகச் செய்த சிறுநீரக, பொட்டாசியம் பரிசோதனையையும் மருத்துவரிடம் காட்டி அனுமதி பெறும்வரை இளநீரைத் தவிர்த்துவிடுங்கள். நீர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அவர் தாகத்தால் தவிக்கும் அளவுக்கு நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

எங்கள் ஊர்க் கடற்கரை மணலால் இதய நோய் வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

இந்தப் பேச்சுக்கு ஒரு மருத்துவ வேர் இருக்கிறது. ஆகவே இதை வதந்தி என்று தள்ளிவிட மாட்டேன். கீழறைகளின் உட்படலம் தழும்பேறித் தடித்து, இதயம் நிறைய முடியாமல் போகும் ஒரு நோயை 1940-களில் உகாண்டாவில் டேவிஸ் என்ற மருத்துவர் விவரித்தார். அதே நோய் தெற்குக் கேரளத்தின் கடலோரப் பகுதிகளில், பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் காணப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை உருவாக்கியவரான டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய குழுவினரும், உங்கள் கடற்கரையிலும் உள்ள மோனசைட் என்ற கனிம மணலில் இருக்கும் சீரியம் என்ற தனிமம், மக்னீசியம் குறைந்த உடல்களில் சேர்ந்து இதயத் தசையைக் கெடுக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார்கள். குடற்புழுத் தொற்றும் ஊட்டக்குறைவும் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. எந்தக் கருதுகோளும் முழுவதும் நிறுவப்படவில்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் இந்த நோய் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. மணல் அங்கேயேதான் இருக்கிறது. வறுமை தணிந்ததும், உணவும் சுகாதாரமும் மேம்பட்டதும் காரணமாக இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். இன்று உங்கள் ஊரில் ஒருவருக்கு மூச்சிறைத்தால் முதலில் தேட வேண்டியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, கரோனரி அடைப்பு ஆகியவையே.

என் மகளுக்குச் சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. இப்போது 23 வயது. வால்வு சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். திருமணம் பேசலாமா?
– வாசகி, இரணியல்

தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆயுதங்கள், வழிதவறி இதய வால்வுகளைத் தாக்குவதால் வரும் நோய் இது. திருமணத்துக்கு இது தடை இல்லை. ஆனால் கருவுறுமுன் இதய மருத்துவரின் தெளிவான கருத்தைப் பெற்றுவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுவதால், சுருங்கிய வால்வு அந்தப் பெருக்கைக் கடத்த முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். முன்பே தெரிந்தால் பலூன் மூலம் வால்வை விரித்துவிட்டுப் பாதுகாப்பாகக் கருவுற வாய்ப்பு இருக்கிறது. மாற்று வால்வே வேண்டியிருந்தால் அதுவும் உண்டு. 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்திரா வால்வு நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் உருவானது. ஆனால் உலோக வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்க வேண்டிய மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், எந்த வால்வு என்ற முடிவை அவசரமாக எடுக்காதீர்கள். அந்தத் தொண்டைத் தொற்று மீண்டும் வராமல் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை எத்தனை வயதுவரை தொடர வேண்டும் என்றும் கேட்டு வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை மறைக்க வேண்டாம். மறைத்த வீட்டில் அந்த ஊசியும் சேர்ந்து நின்றுபோவதை நான் கண்டிருக்கிறேன்.

மருந்துகளால் பயனில்லாத நிலையில் மாற்று இதயம் பொருத்துவது எங்களைப் போன்றவர்களுக்குச் சாத்தியமா?
– வாசகர், நாகர்கோவில்

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மாற்று இதயத்தைப் பொருத்தியபோது அந்த நோயாளி 18 நாள்களே வாழ்ந்தார். இந்தியாவில் 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்தார். இன்று பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவர்கள் பலர். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த இதயம் ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் புதிய மார்பில் துடிக்கத் தொடங்க வேண்டும் என்பதும், கொடையாளர்கள் மிகக் குறைவு என்பதும் முக்கியத் தடைகள். உறுப்பைப் பெறத் தனிநபர் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. அனுமதி பெற்ற மருத்துவமனை மூலமாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். கேரளத்துக்குத் தனிப் பட்டியல் உண்டு என்பதை எல்லையோரத்தில் இருக்கும் நீங்கள் நினைவில் கொள்ளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உடல் முழுவதும் நலிந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்கினால் பயனில்லை. ஓராண்டுக்குள் இரண்டு மூன்று முறை மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அப்போதே கேளுங்கள்.

கோயில் கொடை நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் திடீரென விழுந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் தண்ணீர் தெளித்து, சோடா புகட்டினார்கள். அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், பூதப்பாண்டி

தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். இடையிடையே வாயைத் திறந்து இழுக்கும் மூச்சு மூச்சாகாது. அதைக் கண்டு காத்திருந்துவிடக் கூடாது. இரத்தம் செல்லாத மூளை நான்கைந்து நிமிடங்களில் சிதையத் தொடங்கிவிடும் என்பதால், வண்டி வரும்வரை கைதான் இதயம். ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, விழுந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், மார்பு 5 செ.மீ. அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலெழ விடுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். முறிந்தாலும் பின்னர் ஆறிவிடும். அழுத்துபவர் களைத்துவிடுவார் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டு, 108 ஊழியர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை இடைவிடாமல் தொடருங்கள்.